கரிப் பொட்டு வைத்த முட்டைகள்

உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாதவன் நான். இந்த வயதிலும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் வாசல் கேட்டைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வருவேன். ஆனால் வெள்ளைக்காரன் காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், செலண்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தபோது, ஓர் இருபத்தொரு நாள் நான் அலைந்த அலைச்சலுக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆபீசுக்கும் என் குவாட்டர்சுக்கும் நடுவே ஒரு சாக்கடை ஓடியது. அந்தச் சாக்கடையை ஒரு காலையில் மட்டும் ஆறேழு தடவை தாண்டுவேன். பெரிய கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வயிறு சரியில்லன்னா டிரஸ்ஸர்கிட்ட போய் மருந்து வாங்கிக் குடிலா" என்றார். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. வீட்டு முன்னறையில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் முப்பத்தாறு முட்டைகள் இருந்தன.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போன பெட்டி அது. மரத்தால் செய்தது. பக்கவாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே போகும். மேல்மூடியில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே தெர்மாமீட்டர், அடியில் ஈரத்துக்காக ஒரு தட்டுத் தண்ணீர். பாதரசம் நூற்று மூன்றில் நிற்க வேண்டும். திரியை ஒரு நெல்லளவு ஏற்றினால் நூற்றைந்துக்குப் போகும், இறக்கினால் நூறுக்கு வந்துவிடும். மழை வந்தால் ஒரு விதம், வெயிலடித்தால் இன்னொரு விதம். எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால்கள் நான்கையும் தண்ணீர் டின்னுக்குள் நிறுத்தியிருந்தேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஒவ்வொரு முட்டையையும் கையால் திருப்பிவிட வேண்டும். ஒரு கோழி கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இது. அதை மனிதன் செய்யப் போனால் இப்படித்தான் ஆட்டம் காட்டும்.

கோழிகள் மூன்று, சேவல் ஒன்று. எல்லாம் ரோட் ஐலண்ட் சிவப்பு, கலப்பில்லாத ஜாதி. நாட்டுக்கோழி மாதிரி வேலிக்கு வேலி தாவாமல், ஆபீசர்கள் மாதிரி நிதானமாக நடக்கும். மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருந்ததால் காலில் வளையம் போட்டிருந்தேன்: ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு வெள்ளை. சிவப்பு வளையம் ஓயாமல் முட்டையிடும். நீல வளையம் சுமார்தான், ஆனால் குஞ்சுகள் கொழுகொழுவென்று வளரும். வெள்ளை வளையத்திடம் ஒரு குறை இருந்தது. அதன் முதல் ஈட்டில் பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கால்விரல் கோணலாக மடங்கியிருந்தது. அந்தக் கோணல் வம்சத்தில் வருவது. ஒரு பண்ணைக்குள் நுழைந்துவிட்டால் தலைமுறைக்கும் போகாது.

அதனால் எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று தெரிந்தே ஆக வேண்டும். அதற்கென்று கதவு வைத்த கூடு செய்திருந்தேன். கோழி உள்ளே போனதும் கதவு தானாக விழும். முட்டையிட்ட பின் நாம்தான் திறந்துவிட வேண்டும். திறக்கும்போது கால் வளையத்தைப் பார்த்து, முட்டையின் பருத்த முனையில் பென்சிலால் எழுத்தும் தேதியும் போடுவேன். சிவப்புக்கு சி, நீலத்துக்கு நீ, வெள்ளைக்கு வெ. நோட்டிலும் அதே மாதிரி: இன்ன தேதி, இன்ன கோழி, ஒரு முட்டை. நான் ஆபீசில் இருக்கும்போது கதவு விழுந்தால் என் மனைவி பின்வாசலில் வந்து நின்று கையாட்டுவாள். நான் சாக்கடையைத் தாண்டி ஓடுவேன். அவளே திறந்துவிட்டிருக்கலாம். நான் விடவில்லை. நம்மைத் தவிர யார் எழுதினாலும் தப்பாகிவிடும் என்று நினைக்கிற ஜாதி நான்.

தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த முள்கம்பி வேலியின் கதவில் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு இந்தப் பெட்டியின் மேல் ஒரு கண். அரிசி, மாவு, மீன்டின் எதுவும் வேலிக்கு வெளியே போகக்கூடாது, காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று கெடுபிடி செய்த காலம். தோட்டத்து ஆட்கள் காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது ஒரு பிடி சோறு கூடக் கையில் கொண்டுபோக முடியாது. அப்படியிருக்க ஒரு கிராணி முப்பத்தாறு முட்டையைத் தின்னாமல் வைத்திருக்கிறான் என்றால்? "கிராணி, யாருக்குச் சேர்த்து வைக்கிறீங்க?" என்று ஒரு நாள் வீட்டுக்கே வந்து கேட்டான். கண்ணாடி வழியாகப் பார்த்தான். மூடியைத் திறக்கச் சொன்னான். சூடு போய்விடும் என்று நான் மாட்டேனென்றேன். துப்பாக்கி வைத்திருப்பவனிடம் அப்படிப் பேசியதற்கு மனைவி அன்று சாயங்காலம் வரை என்னைத் திட்டினாள்.

இத்தனை பாடும் கோழி ஆசையால் அல்ல. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் முதல் பிள்ளை அந்தத் தோட்டத்தில் இருந்தபோதுதான் பிறந்தது. பிறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பிரசவத்துக்குத் தாய் வீடு அனுப்பலாமென்றால், புலாவ் செபாங்கில் இருந்த அவள் வீட்டில் தாய் இல்லை; ரயில்வேயில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா மட்டும் ஒற்றை அறையில் இருந்தார். வலி கண்டபோது ஊரடங்கு தொடங்கிவிட்டது. ஆறு மணிக்கு மேல் தோட்டத்து லாரி வெளியே போகக் கூடாது. டிரஸ்ஸர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்திலிருந்து வந்த மருத்துவச்சியும் செய்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. காலையில் வேலிக் கதவு திறந்து ஜாசின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது தாயைத்தான் காப்பாற்ற முடிந்தது. பிள்ளையைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதால் அவளும் பேசவில்லை. பெட்டியில் முட்டை வைத்தபோது அவளுக்கு மறுபடி ஆறு மாதம்.

ஜாசினில் அரசாங்கக் கோழிப் பண்ணை ஒன்றுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், பண்ணைக்குப் பக்கத்திலேயே வீடும் உண்டு என்று கேள்விப்பட்டு, அதற்குப் பொறுப்பான அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, பையில் இரண்டு பேனா. "கோழி வளர்க்க ஆயிரம் பேர் வருவினம். வம்சம் எழுதத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும். ஒரு ஈடு பொரிச்சு, தாய் வாரியாப் பிரிச்சு எனக்குக் காட்டும். நான் நேரிலை வந்து பாக்கிறன்" என்றார். அந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கால்நடையாகவே போய்விடலாம். நான் நடந்து பார்த்தேன். ஒரு சிகரெட் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இதை மனைவியிடம் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு முறை மாற்றல் கிடைக்கப் போகிறதென்று சொல்லி, அவள் பாத்திரங்களைக்கூடக் கட்டிவைத்து, இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. கட்டியதை அவிழ்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் உத்தரவு வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆக, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: புருஷன் பெண்டாட்டியின் வயிற்றைப் பார்க்கிறதைவிட பெட்டியைத்தான் அதிகம் பார்க்கிறான்.

ஏழாம் நாள் குளியலறைச் சன்னலில் சாக்கு தொங்கவிட்டு, டார்ச் விளக்கின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தேன். உயிர் பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் தெரியும். ஆறு முட்டை ஒன்றுமில்லாமல் வெளிச்சமாக இருந்தன, எடுத்துவிட்டேன். மீதி முப்பது. மனைவியைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினேன். உள்ளே ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூடி வைங்க, பயமா இருக்கு" என்று சொல்லிப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் பீரங்கி தொடங்கியது. லேடாங் மலைப் பக்கத்துக் காட்டில் ஆட்கள் இருப்பதாகத் தகவலாம். பட்டாளம் எங்கோ நின்றுகொண்டு எங்கள் தலைக்கு மேலாகச் சுட்டது. ஒவ்வொரு வெடிக்கும் சன்னல் கண்ணாடி நடுங்கும், கோப்பையில் காப்பி நடுங்கும். பெட்டிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன், அதுவும் நடுங்கியது. அதிர்ச்சி பட்டால் உள்ளேயிருக்கும் கரு செத்துவிடும் என்று நான் படித்த கோழிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. பழைய கம்பளியை நான்காக மடித்துப் பெட்டிக்கு அடியில் சொருகினேன். அதற்கு மேல் ஒரு மனிதன் பீரங்கிக்கு என்ன செய்ய முடியும்?

மறுநாள் மத்தியானம் இன்னும் மோசம். ஆபீசை விட்டு ஒருவரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. நான் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். பெரிய கிராணி, "ஒண்ணு உக்காரு, இல்ல நில்லு. பீரங்கியவிட நீதான் எனக்குப் பெரிய இம்சை" என்றார். நாலரை மணிக்கு விட்டார்கள். சாக்கடையைத் தாண்டி ஓடி வந்து, கையைக்கூடக் கழுவாமல் மூடியைத் திறந்தேன்.

முப்பது முட்டையின் உச்சியிலும் கறுப்பு. ஐந்து காசு அளவில், வட்டமாக, அழுத்தமாக. நடுவில் ஒரு துருப்பிடித்த ஆணியும் ஓர் அடுப்புக்கரித் துண்டும் கிடந்தன.

"என்ன இது?" என்றேன்.

மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "கரிங்க. மத்தியானம் வெடிச்சான் பாருங்க, வீடே ஆடிச்சு. அதான் கரியை அரைச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொட்டு வச்சேன். ஒண்ணுகூட விடல."

இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகிவிடும் என்று கூடைக்குள் இரும்பும் கரியும் போடுவது நம்மவர் வழக்கம். சில வீடுகளில் முட்டைக்கே கரியால் பொட்டு வைப்பார்கள். அவள் வீட்டில் அப்படி. வானத்து இடிக்குச் செய்வதைப் பட்டாளத்து இடிக்கும் செய்திருக்கிறாள். அதுவும் எங்கே? பருத்த முனையில், என் பென்சில் எழுத்தின் மேலேயே.

"இதுல எழுதியிருந்தேனே?"

"நீங்கதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களே. இது எதுக்கு?"

நோட்டில் இருந்தது முட்டைகளின் பட்டியல். எந்த முட்டை எது என்று முட்டைதான் சொல்ல வேண்டும். இத்தனை நாளில் அதை நான் அவளுக்கு ஒரு தடவை விளக்கியிருந்தால் போதும். விளக்காதவன் நான். ஆனாலும் கத்தியவன் நான்தான். படிக்காத முண்டம் என்றேன். காட்டுமிராண்டி வீட்டில் பெண்ணெடுத்தேன் என்றேன். இன்னும் சொன்னேன்; அதையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கத்திக்கொண்டே ஈரப்பஞ்சை எடுத்து ஒரு முட்டையைத் துடைத்தேன். கரி போயிற்று, கூடவே பென்சிலும் போயிற்று. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்ததைத் துடைத்தேன், அதற்கடுத்ததை. ஏழு முட்டையைத் துடைத்த பிறகுதான் கை நின்றது. அந்த ஏழும் பளிச்சென்று, பெயரில்லாமல் இருந்தன. கரியோடு விட்டிருந்தால் ஒருவேளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஒன்றிரண்டையாவது படித்திருக்கலாம்.

அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். அழவில்லை. "கோழி முட்டைக்கு இவ்வளவா?" என்று மட்டும் கேட்டாள்.

"கோழி முட்டைக்கா? ஜாசின்ல வேலைக்கு. வீட்டோட வேலை. இது தாய் வாரியாப் பிரிஞ்சு இருந்தாத்தான் அந்த ஆபீசர் எனக்கு எழுதித் தருவாரு. உன் பிரசவத்துக்கு முன்னாடி இங்கேருந்து போயிடலாம்னு நாயா அலையறேன். நீ கரியைப் பூசி வச்சிருக்கே."

ஒரு நல்ல செய்தியை வசவு மாதிரி வீசினேன். தூரத்தில் மறுபடி ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அவள் மெதுவாக, "ஆஸ்பத்திரி பக்கமாங்க?" என்றாள்.

"நடந்தே போகலாம்" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். பாதரசம் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கிய பிறகுதான் மூடியைத் திறந்தபடியே விட்டிருந்தது ஞாபகம் வந்தது.

அடுத்த நாட்களில் என்னென்னவோ செய்து பார்த்தேன். வெள்ளை வளையத்தின் முட்டை கொஞ்சம் நீளம், சிவப்பினது நிறம் அதிகம் என்றெல்லாம் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். பகலில் ஒரு முட்டை நீளமாகத் தெரியும். விளக்கேற்றியதும் அதே முட்டை உருண்டையாகத் தெரியும். ஆபீசில் ஆட்களின் வருகையைப் பதியும் செக்ரோலில் ஆள் பெயருக்குப் பதில் சி, நீ என்று எழுதி, பெரிய கிராணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதினெட்டாம் நாள் முட்டைகளைத் தாய் வாரியாக மூன்று துணிப்பைகளில் போட்டாக வேண்டும். அப்போதுதான் பொரிக்கும்போது குஞ்சுகள் ஒன்றோடொன்று கலக்காது. அன்று காலை மூன்று பைகளையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். எதை எதில் போடுவது?

மனைவி பக்கத்தில் வந்தாள். "இங்க குடுங்க. எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கூட்டைத் திறக்கறப்ப பக்கத்துல நானும்தானே நின்னேன். கையில எடுத்தா தெரியும்."

ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ஒரு நொடி பார்ப்பாள். "சிவப்பு." "நீலம்." "சிவப்பு." "வெள்ளை." தடுமாற்றமே இல்லை. நிஜமாகவே தெரியுமோ என்று நம்பக்கூடத் தொடங்கினேன். பாதியில், ஓட்டில் சின்ன மரு இருந்த ஒரு முட்டையை, அவள் ஏற்கெனவே சிவப்பென்று சொல்லிவிட்டதை, பையிலிருந்து எடுத்து மறுபடி அவள் கையில் வைத்தேன். "நீலம்" என்றாள், அதே தெளிவோடு.

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த முட்டைக்குக் கை நீட்டியபடி நின்றாள். நான் அடுத்த முட்டையைக் கொடுத்தேன். அவள் சொன்னபடியே பைகளில் போட்டு, அவள் சொன்னபடியே நோட்டில் எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது.

இருபத்தோராம் நாள் பொரித்தது. இருபத்துமூன்று குஞ்சுகள். பீரங்கிக்கும், நான் மூடியைத் திறந்து போட்டதற்கும், எங்கள் இரண்டு பேர் கைக்கும் தப்பித்து இருபத்துமூன்று. முட்டைக்குள்ளிருந்தே அவை கத்தியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மனைவி பார்க்காமல் துடைத்துக்கொண்டேன். ஈரம் காய்ந்ததும் பை வாரியாக எடுத்து, கால்விரலுக்கு நடுவிலிருக்கும் மெல்லிய ஜவ்வில் துளையிட்டேன். சிவப்புக்கு வலது காலில், நீலத்துக்கு இடது காலில், வெள்ளைக்கு இரண்டிலும். அந்தத் துளை கோழி சாகும்வரை மூடாது. குண்டூசி குத்திய அளவுதான், ஆனாலும் ஒவ்வொன்றும் கீச்சென்று கத்தும். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு கீச்சு என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் ஒரு குஞ்சு நொண்டியது. எடுத்துப் பார்த்தேன். விரல் கோணல். காலில் துளையைப் பார்த்தேன். வலது கால். சிவப்பு வளையத்தின் குஞ்சு என்று நான் முத்திரை குத்தியது.

மறுநாள் அதிகாரி வருகிறார். துளையை அடைக்க முடியாது. குஞ்சைத் தலையைத் திருகிப் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்தேன். மனைவி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வேண்டாங்க. இந்த நேரத்துல வேண்டாம்" என்றாள். எந்த நேரம் என்று நான் கேட்கவில்லை. அவள் அதை ஒரு கூடைக்குள் போட்டு அடுக்களையில் வைத்தாள்.

அதிகாரி பட்டாளத்து லாரிக்குப் பின்னால் தம்முடைய சின்னக் காரில் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முன்னறையில் பாயில் உட்கார்ந்து, நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காலைப் பார்த்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அணைந்து கிடந்த பெட்டி விளக்கின் திரியைப் போய்த் திருகிக்கொண்டிருந்தேன். "வடிவா எழுதியிருக்கிறீர்" என்றார். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் அந்த நொண்டிக் குஞ்சு கத்தத் தொடங்கியது. குஞ்சைத் தனியாக வைத்தால் அப்படித்தான் கத்தும், நிறுத்தாது.

அவர் தலையைத் தூக்கினார். "உள்ளுக்கையும் ஒண்டு நிக்குதோ?"

நான் வாயைத் திறந்தேன். அடுக்களையில் சத்தம் சட்டென்று அடங்கியது. மனைவி நிலைப்படிக்கு வந்தாள். குஞ்சைப் புடவை முந்தானையில் பொதிந்து வயிற்றோடு அணைத்திருந்தாள். அதன் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"இது நொண்டிங்க சார். நாங்களே வளத்துக்கிறோம்."

"விரல் கோணலோ? எந்தத் தாயின்ரை, பிள்ளை?"

"வெள்ளை வளையம்" என்றாள்.

காலைக் காட்டச் சொன்னால் முடிந்தது. அவர் அவள் வயிற்றைப் பார்த்தார், பிறகு மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கையை நீட்டவில்லை. நோட்டைப் புரட்டி, வெள்ளை வளையம் என்றிருந்த இடத்தில் தம் பேனாவால் ஒரு கோடு போட்டார். "அப்ப இந்தக் கோழியை விட்டுடுவம். மற்ற ரெண்டின்ரை குஞ்சுகளும் பண்ணைக்கு வரட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "எல்லாம் சரிதானே? ஒண்டும் மாறயில்லையே?" என்று கேட்டார்.

"ஒன்றும் மாறவில்லை சார்" என்றேன்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. ஜாசினுக்குப் போனோம். பாத்திரங்களை மூன்றாவது தடவையாகக் கட்டினாள். இந்த முறை அவிழ்த்தது புது வீட்டில். என் கோழிகளின் குஞ்சுகள் சுத்த ஜாதி என்ற சீட்டோடு, முள்கம்பி போட்டுப் புதிதாக எழுப்பிய கிராமங்களுக்குப் போயின. சீட்டில் கையெழுத்துப் போட்டது நான். எத்தனை வீட்டில் கோணல் விரல் வந்ததோ தெரியாது. விசாரிக்கப் பயமாக இருந்தது, விசாரிக்கவில்லை. பண்ணையில் என்னை நம்பினார்கள், அதிகாரி என் எழுத்தைப் புதிதாக வந்தவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார். அவர் அப்படிக் காட்டும்போதெல்லாம் எனக்கு உடனே வெளியே போக ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

வலி கண்டது ஒரு புதன்கிழமை காலை. நடந்தே போனோம், வழியில் இரண்டு தடவை நின்றோம். மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். நர்ஸ் ஒரு அட்டையும் பென்சிலும் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நின்று, எங்கள் பெயர், ஊர், தொழில் எல்லாம் கேட்டு எழுதினாள். நான்தான் பதில் சொன்னேன். பண்ணையில் பழகிப்போன வேகம். கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும்.

"இது முதல் பிள்ளையா?"

"ஆமா."

மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "ரெண்டாவது" என்றாள்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"ரெண்டாவதுங்க. மொதல்ல ஒரு ஆம்பளப் பிள்ளை. இங்கயாவது உள்ளதைச் சொல்லுங்க" என்றாள், நர்ஸிடம் அல்ல, என்னிடம்.

எங்கள் முதல் குழந்தை ஆண் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதி, சரியா என்று அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.